நல்ல சீட்டு வந்தவர்கள் தோற்ற கதை



இந்த வாரம் எழுதப் போவது சீட்டாட்டத்தைப் பற்றி. "வாத்தியாரே, நீங்களுமா?" என்று யாரும் பதற வேண்டாம். காசு வைத்து நான் ஒரு நாளும் ஆடியதில்லை. சிவராத்திரிக்குக் கண் விழிக்கத் திண்ணையில் உட்கார்ந்து கழுதையும் ரம்மியும் ஆடியதோடு சரி. ஆனால் வரலாறு என்பது அரண்மனையிலும் போர்க்களத்திலும் மட்டும் நடப்பதில்லை. ஒரு மேசை, இரண்டு மனிதர்கள், ஐம்பத்திரண்டு சீட்டு என்ற இடத்திலும் நடக்கிறது.

கேள்வி என் பேரனிடமிருந்து வந்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அமெரிக்காவில் நடந்த போக்கர் போட்டியின் பழைய வீடியோ ஒன்றைப் போனில் காட்டி, "தாத்தா, இந்த ஆள் கையில நல்ல சீட்டுதானே இருந்துச்சு? எல்லாத்தையும் வச்சுத் தோத்துட்டானே, முட்டாளா?" என்று கேட்டான். "ஆமாம்டா" என்று சொல்ல வாயெடுத்தேன். ஏனென்றால் திரையில் இருவர் சீட்டும் தெரிந்தது. அவன் தோற்கப் போகிறான் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. ஆனால் ஆடியவருக்கு அது தெரியாதே என்று உடனே ஓர் உறுத்தல். அதனால் பதில் சொல்லாமல், கொஞ்ச நாள் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆட்டம் எது என்று சொல்லிவிடுகிறேன். இதற்கு டெக்சஸ் ஹோல்டெம் என்று பெயர். டெக்சஸ் மாநிலத்தின் ராப்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தது என்று அந்த மாநிலச் சட்டமன்றமே அங்கீகரித்திருக்கிறது. நம் ஊர் மூணு சீட்டு தெரிந்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, கவிழ்த்துக் கொடுப்பார்கள். அது அவரவருக்கு மட்டும் தெரியும். பிறகு மேசை நடுவில் ஐந்து சீட்டைத் திறந்து வைப்பார்கள். முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியில் ஒன்று. இவை எல்லோருக்கும் பொது. கையில் உள்ள இரண்டு, நடுவில் உள்ள ஐந்து, ஆக ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு ஜோடி, அதைவிட இரண்டு ஜோடி, அதைவிட ஒரே எண்ணில் மூன்று, அதைவிட வரிசையாக ஐந்து, அதைவிட ஐந்தும் ஒரே இனம், அதைவிட மூன்று ஒரே எண்ணோடு ஒரு ஜோடி என்று மதிப்பு ஏறிக்கொண்டே போகும்.

ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம், ஏற்றலாம், சும்மா இருக்கலாம், வேண்டாம் என்று சீட்டை மடக்கிப் போடலாம். கையில் இருப்பது அத்தனையையும் நடுவில் தள்ளுவதற்கு ஆல் இன் என்று பெயர். சீட்டு மோசமாக இருந்தும் பெரிய தொகையைத் தள்ளி எதிராளியை ஓடவைக்கலாம். நம் மொழியில் சொன்னால் பூச்சாண்டி காட்டுவது.

இந்த ஆட்டத்தில் தலைவலி தருவது மோசமான சீட்டு அல்ல. அதை மடக்கிப் போட்டுவிட்டு டீ குடிக்கலாம். யாராலும் வெல்ல முடியாத சீட்டு வந்தாலும் தலைவலி இல்லை. எப்படிப் பணத்தை வரவழைப்பது என்று யோசித்தால் போதும். இடையில் இருப்பதுதான் சிக்கல். நல்ல சீட்டுதான், பெரும்பாலான நேரம் ஜெயிக்கும், ஆனால் அதை அடிக்கவும் சீட்டு உண்டு.

கணக்காகவே பார்ப்போம். கைக்கு வரும் இரண்டு சீட்டில் மிகச் சிறந்தது இரண்டு ஏஸ். சராசரியாக 221 முறைக்கு ஒருமுறை வரும். எதிரே ஒரே ஒருவர், அவர் கையில் என்னவோ இருக்கிறது என்றால், கடைசிவரை போனால் இரண்டு ஏஸ் நூற்றுக்கு 85 முறை ஜெயிக்கும். எதிரே நான்கு பேர் கடைசிவரை நின்றால் அது சுமார் 56 ஆகக் குறைந்துவிடும். சீட்டு மாறவில்லை, சூழ்நிலை மாறிவிட்டது. உலகத்திலேயே நல்ல சீட்டுக்கே இந்தக் கதி என்றால், நடுவில் விழுந்த பெரிய சீட்டோடு ஒரு ஜோடி சேர்ந்தவர் எவ்வளவு யோசிக்க வேண்டும்?

போட்டி என்று வந்தால் இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொள்கிறது. வீட்டிலோ கிளப்பிலோ ஆடும்போது கையில் இருப்பது தீர்ந்தால் பையில் கைவிட்டு இன்னும் எடுத்து வைக்கலாம். போட்டியில் முடியாது. நுழைவுப் பணம் கட்டினால் எல்லோருக்கும் சம அளவு சில்லு தருவார்கள். அது தீர்ந்தால் நாற்காலியை விட்டு எழுந்து போக வேண்டியதுதான்.

இதன் விளைவு என்ன என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு பேர் மிச்சம், நால்வரிடமும் சமமாகச் சில்லு. பரிசு மொத்தம் 100 ரூபாய். முதலிடத்துக்கு 50, இரண்டாம் இடத்துக்கு 30, மூன்றாம் இடத்துக்கு 20, நான்காமவருக்கு ஒன்றுமில்லை. அப்படியானால் இப்போது ஒவ்வொருவர் சில்லின் மதிப்பும் 25 ரூபாய். நீங்கள் ஒருவரோடு மோதி எல்லாவற்றையும் வைத்து ஜெயித்தால் உங்கள் சில்லு இரண்டு மடங்கு. மதிப்பும் 50 ரூபாய் ஆகிவிட்டதா? இல்லை. மொத்தச் சில்லில் பாதி உங்களிடம் இருப்பதால் முதலிடம் வர வாய்ப்பு பாதி, இரண்டாம் இடம் வர மூன்றில் ஒன்று, மூன்றாம் இடம் வர ஆறில் ஒன்று. பரிசோடு பெருக்கிக் கூட்டினால் 25, 10, 3.33, ஆக 38 ரூபாய் 33 காசு. ஜெயித்தால் 13 ரூபாய்ச் சொச்சம் லாபம், தோற்றால் 25 ரூபாயும் போச்சு. சாதாரண ஆட்டத்தில் நூற்றுக்கு 50 வாய்ப்பு இருந்தாலே மோதலாம். இங்கே 65-க்கு மேல் இருந்தால்தான் மோதுவதில் அர்த்தம் உண்டு.

ஆக, போட்டியில் இழக்கும் சில்லு ஜெயிக்கும் சில்லைவிடக் கனமானது. அதனால் நல்ல ஆட்டக்காரர்கள் பல நாள் பொறுமையாக, நல்ல சீட்டையும் மடக்கிப் போட்டுக்கொண்டே வருவார்கள். ஆனால் கடைசியில் இருவர் மட்டும் மிஞ்சும்போது கணக்கு தலைகீழாகிவிடும். இரண்டாம் பரிசு எப்படியும் உறுதி. மீதி இருக்கும் வித்தியாசத்துக்குத்தான் சண்டை. ஒவ்வொரு சுற்றிலும் கட்டாயமாகக் கட்ட வேண்டிய தொகையும் ஏறிக்கொண்டே வரும், அதனால் நல்ல சீட்டுக்காகக் காத்திருக்க முடியாது. எதிரே ஒருவர்தான் என்பதால் சாதாரண ஜோடிகூடப் பெரிய சீட்டாகிவிடும். நாலு நாள் பதுங்கக் கற்றுக்கொண்டவர் ஐந்தாம் நாள் பாயவும் தெரிந்திருக்க வேண்டும். அங்கேதான் பலர் வழுக்கி விழுந்தார்கள். மூன்று இறுதி ஆட்டங்களைச் சொல்கிறேன்.

மூன்றும் நடந்த இடம் ஒன்றுதான். லாஸ் வேகாஸ் நகரில், ஃபிரீமாண்ட் தெருவில், பின்னியன்ஸ் ஹார்ஸ்ஷூ என்ற சூதாட்ட விடுதி. நடத்தியவர் டெக்சஸ்காரரான பென்னி பின்னியன். 1970-இல் உலகப் போக்கர் தொடர் என்று ஒன்றை அங்கே தொடங்கினார். முதல் ஆண்டு வேடிக்கை என்னவென்றால், யார் சிறந்தவர் என்று ஆடியவர்களையே ஓட்டுப் போடச் சொன்னார்கள். ஜானி மாஸ் என்ற மூத்தவர் தேர்வானார். அடுத்த ஆண்டிலிருந்துதான் சில்லு தீர்ந்தவர் எழுந்து போகும் முறை வந்தது. 1972 முதல் முக்கியப் போட்டிக்கு நுழைவுப் பணம் 10,000 டாலர்.

1980. அந்த ஆண்டு 73 பேர் ஆடினார்கள். கடைசியில் மிஞ்சிய இருவரில் ஒருவர் டாயில் பிரன்சன், வயது 46. 1976, 1977 இரண்டு ஆண்டும் பட்டம் வென்றவர். இந்த ஆட்டத்தை எப்படி ஆட வேண்டும் என்று தடிமனான புத்தகம் வெளியிட்டவர். எதிரே ஸ்டு உங்கர், 26 வயது, பார்க்கப் பள்ளிக்கூடப் பையன்போல இருப்பார். நியூயார்க்கில் ஜின் ரம்மி ஆடிப் பெயர் வாங்கியவர். அதில் அவரோடு மோத யாரும் முன்வராத அளவுக்குக் கெட்டிக்காரர்.

கடைசி ஆட்டத்தில் பிரன்சன் கையில் ஏஸும் ஏழும். உங்கர் கையில் ஐந்தும் நான்கும். நடுவில் முதல் மூன்று சீட்டு திறந்தார்கள். ஏஸ், ஏழு, இரண்டு. பிரன்சனுக்கு இரட்டை ஜோடி. அந்த இடத்தில் இதைவிட நல்லதை எதிர்பார்ப்பது பேராசை. உங்கருக்கு ஒரு ஜோடிகூட இல்லை. மூன்று ஒன்று விழுந்தால் மட்டும் ஏஸ், 2, 3, 4, 5 என்று வரிசை சேரும். பார்க்காத சீட்டு 45, அதில் மூன்று நான்கு இருக்கிறது. அடுத்த சீட்டிலேயே விழ வாய்ப்பு பதினொன்றில் ஒன்று. பிரன்சன் கட்டிய பணம், அவரிடம் மீதமிருந்த குவியலோடு ஒப்பிட்டால் சிறிய தொகை. விழுந்தால் மொத்தக் குவியலும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு உங்கர் அதைக் கட்டித் தொடர்ந்தார்.

நான்காவது சீட்டு மூன்று. உங்கர் பணம் வைத்தார். பிரன்சன் எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். உங்கர் சம்மதித்தார். கடைசியில் விழுந்த இரண்டு யாருக்கும் உதவவில்லை. பட்டம் உங்கருக்கு.

இதில் பிரன்சன் செய்தது தப்பா? எதிராளி கையில் சரியாக ஐந்தும் நான்கும் இருக்கிறது என்று எந்த மனிதனால் சொல்ல முடியும்? இருவர் மட்டும் ஆடும் ஆட்டத்தில் இரட்டை ஜோடியை மடக்குகிறவர் அதன் பிறகு எதை வைத்து ஆடுவார்? குறை சொல்ல வேண்டுமானால் முந்திய கட்டத்தைச் சொல்லலாம். அங்கே விலையைக் கூட்டியிருந்தால் உங்கர் ஓடியிருக்கக்கூடும். நல்ல சீட்டு வைத்திருப்பவர், குறை சீட்டுக்காரரை மலிவாக அடுத்த சீட்டைப் பார்க்கவிடக் கூடாது. இது முதல் பாடம்.

1988. இந்த முறை 167 பேர். முந்திய ஆண்டு சாம்பியன் ஜானி சான் மறுபடியும் இறுதிக்கு வந்துவிட்டார். சீனாவின் குவாங்சோ நகரில் பிறந்து சிறு வயதில் அமெரிக்கா போனவர். மேசையில் சிகரெட் புகை நாற்றம் தாங்காமல் ஓர் ஆரஞ்சுப் பழத்தைப் பக்கத்தில் வைத்து முகர்ந்துகொண்டு ஆடுவார். அதைப் பார்த்து மற்றவர்களும் பழம் கொண்டுவந்தார்கள் என்பது தனிக் கதை. எதிரே எரிக் சைடல், 28 வயது. பங்குச் சந்தையில் வேலை பார்த்தவர். 1987-இல் சந்தை சரிந்தபோது வேலை போனது. இவ்வளவு பெரிய போட்டி அவருக்குப் புதிது.

சைடல் கையில் ராணியும் ஏழும். சான் கையில் ஜாக்கியும் ஒன்பதும். நடுவில் ராணி, எட்டு, பத்து. சைடலுக்கு ராணி ஜோடி, மேசையில் உள்ளதிலேயே பெரிய ஜோடி. சானுக்கோ எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி என்று வரிசை அப்போதே முடிந்துவிட்டது. இன்னொருவராக இருந்தால் ஆசையில் பெரிய தொகையைத் தள்ளியிருப்பார். சைடலும் சந்தேகப்பட்டு ஓடியிருப்பார். சான் அப்படிச் செய்யவில்லை. நான்காவது சீட்டாக இரண்டு விழுந்தது. அந்த நொடியே சைடலுக்கு ஜெயிக்க ஒரு சீட்டும் மிச்சமில்லை, ஆனால் அது அவருக்குத் தெரியாது. சான் ஏதோ யோசிப்பதுபோல உட்கார்ந்திருந்துவிட்டுப் பணம் கட்டாமல் விட்டார். சான் கையில் ஒன்றுமில்லை என்று நினைக்க இதைவிட என்ன வேண்டும்? கடைசிச் சீட்டு ஆறு. சைடல் எல்லாவற்றையும் உள்ளே தள்ளினார். சான் உடனே சம்மதித்தார். சானுக்கு 7,00,000 டாலர், சைடலுக்கு 2,80,000 டாலர்.

இங்கே பிழை வேறு மாதிரி. ராணி ஜோடியை நல்ல சீட்டு என்று சைடல் நினைத்ததில் தவறில்லை. ஆனால் எல்லாவற்றையும் தள்ளுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். "நான் இவ்வளவு வைத்தால், என்னைவிடக் கீழான சீட்டை வைத்திருப்பவர் யார் இதைக் கட்டுவார்?" எட்டு ஜோடிக்காரரோ பத்து ஜோடிக்காரரோ பெரும்பாலும் மடக்கிவிடுவார். கட்ட வருகிறவர் பெரும்பாலும் மேலான சீட்டுக்காரர். அப்படிப்பட்ட இடத்தில் எல்லாம் வைப்பதால் சின்னதை ஜெயிக்கலாம் அல்லது பெரியதைத் தோற்கலாம். நடுத்தரமான நல்ல சீட்டுக்கு நடுத்தரமான பணம்தான் பொருத்தம். இது இரண்டாம் பாடம்.

பத்து ஆண்டு கழித்து, 1998-இல், ரவுண்டர்ஸ் என்ற ஹாலிவுட் படத்தில் இந்தக் கடைசி ஆட்டத்தின் வீடியோவையே காட்டினார்கள். சைடல் தோற்றதை உலகமே திரும்பத் திரும்பப் பார்த்தது. அந்த மனிதர் அதோடு முடங்கிவிடவில்லை. உலகத் தொடரில் பத்துப் பட்டங்கள் வாங்கினார். போட்டிகளில் மட்டும் நான்கு கோடி டாலருக்கு மேல் ஜெயித்திருக்கிறார். ஒரு ஆட்டத்தை வைத்து ஆளை எடைபோடக் கூடாது என்பதற்கு அவரே சாட்சி.

2003. என் பேரன் காட்டிய வீடியோ இந்த ஆண்டுடையது. 839 பேர் ஆடினார்கள். ஒரு பக்கம் சாம் ஃபார்ஹா, லெபனான் நாட்டின் பெய்ரூட்டில் பிறந்தவர், தொழில்முறை ஆட்டக்காரர். மறுபக்கம் கிறிஸ் மணிமேக்கர், டென்னசியைச் சேர்ந்த 27 வயது கணக்காளர். பணம் பண்ணுபவர் என்று பொருள்படும் அந்தப் பெயர் புனைபெயர் அல்ல, பிறந்த பெயரே அதுதான். இணையத்தில் சிறு தொகை கட்டித் தகுதிச் சுற்று ஆடி, அதில் ஜெயித்து இந்தப் பெரிய போட்டிக்கு வந்தவர். நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடும் பெரிய போட்டிக்கு அதற்கு முன் போனதே இல்லை.

இறுதி மோதலில் இரண்டு ஆட்டங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் ஆட்டத்தில் ஃபார்ஹா கையில் ராணியும் ஒன்பதும். நடுவில் விழுந்ததில் பெரியது ஒன்பது. ஆக மேசையிலேயே பெரிய ஜோடி அவரிடம். மணிமேக்கர் கையில் கிங்கும் ஏழும். வரிசைக்கும் ஒரே இனத்துக்கும் ஆசைப்பட்டுக் காத்திருந்தார், இரண்டும் சேரவில்லை. கடைசிச் சீட்டு விழுந்தபோது அவரிடம் ஒரு ஜோடிகூட இல்லை. ஆனாலும் சில்லு முழுவதையும் நடுவில் தள்ளிவிட்டு, முகத்தில் எதுவும் காட்டாமல் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். நடுவில் மூன்று இஸ்பேட் கிடந்தது. ஃபார்ஹா நெடுநேரம் யோசித்தார். ஒரே இனத்துக்காகக் காத்திருந்து அது கிடைக்காமல் போய்விட்டதா என்று மணிமேக்கரிடமே கேட்டும் பார்த்தார். நடந்ததும் அதுதான். ஆனால் கடைசியில் மனம் துணியாமல் சீட்டை மடக்கிவிட்டார். ஜெயிக்கிற சீட்டு மடங்கியது.

பிறகு வந்தது கடைசி ஆட்டம். ஃபார்ஹா கையில் ஜாக்கியும் பத்தும். நடுவில் ஜாக்கி, ஐந்து, நான்கு. மறுபடியும் மேசையிலேயே பெரிய ஜோடி. இந்த முறை அவர் மடக்கவில்லை. மணிமேக்கர் ஏற்ற, இவர் எல்லாவற்றையும் தள்ளினார். மணிமேக்கர் சம்மதித்துக் காட்டிய சீட்டு ஐந்தும் நான்கும், இரட்டை ஜோடி. பார்க்காத 45 சீட்டில் ஃபார்ஹாவுக்கு நேரடியாக உதவக்கூடியது ஐந்துதான், இரண்டு ஜாக்கியும் மூன்று பத்தும். நான்காவதாக எட்டு விழுந்தது. கடைசியாக இன்னொரு ஐந்து விழுந்தது. மணிமேக்கருக்கு 25 லட்சம் டாலர். ஃபார்ஹாவுக்கு 13 லட்சம்.

கவனியுங்கள். இரண்டு ஆட்டத்திலும் ஃபார்ஹாவிடம் இருந்தது ஒரே தரத்துச் சீட்டு. நல்ல சீட்டு, ஆனால் அடிக்க முடியாததல்ல. முதலில் மடக்கினார், தோற்றார். பிறகு வைத்தார், அப்போதும் தோற்றார். அப்படியானால் "பெரிய ஜோடி வந்தால் இதைச் செய்" என்று ஒரு வாய்ப்பாடு எழுதிக் கொடுக்க முடியாது. சீட்டின் மதிப்பு சீட்டில் மட்டும் இல்லை. எதிராளி இதுவரை என்ன செய்தார், எவ்வளவு ஏற்றினார், நடுவில் என்னென்ன சேரக்கூடும், தோற்றால் எனக்கு எவ்வளவு மிஞ்சும், இவை எல்லாம் சேர்ந்ததுதான் மதிப்பு. இது மூன்றாம் பாடம், எனக்கு முக்கியமாகப் பட்டதும் இதுதான்.

அந்த 2003 ஆட்டத்துக்கு இன்னொரு வரலாற்றுச் சிறப்பும் உண்டு. கவிழ்த்து வைத்த சீட்டைத் தொலைக்காட்சி பார்ப்பவருக்கு மட்டும் காட்டும் சின்னக் கேமரா. அந்த ஏற்பாட்டுக்கு 1995-இல் காப்புரிமை பெற்றவர் ஹென்றி ஓரன்ஸ்டீன். போலந்தில் பிறந்த யூதர், நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர் பிழைத்து அமெரிக்கா வந்து பொம்மைத் தொழிலில் பெயர் வாங்கியவர். அதற்கு முன் போக்கரைத் தொலைக்காட்சியில் பார்ப்பது சுவரைப் பார்ப்பது மாதிரி. யாரிடம் என்ன இருக்கிறது என்றே தெரியாது. கேமரா வந்த பிறகு வீட்டில் இருப்பவருக்கு எல்லாம் தெரிந்தது. ஒரு கணக்காளர் ஜெயித்ததையும் பார்த்தார்கள். "நாமும் ஆடலாமே" என்று கூட்டம் கிளம்பியது. 2003-இல் 839 பேர் ஆடிய போட்டியில் 2004-இல் 2,576 பேர், 2006-இல் 8,773 பேர்.

ஆனால் அதே கேமரா நம்மிடம் ஒரு கெட்ட பழக்கத்தையும் வளர்த்துவிட்டது. இருவர் சீட்டையும் பார்த்துக்கொண்டு, ஒருவர் சீட்டை மட்டும் பார்த்து முடிவெடுத்தவரை "முட்டாள்" என்கிறோம். வரலாறு படிக்கும்போதும் இதையேதான் செய்கிறோம். முடிவு தெரிந்த பிறகு, "அந்த ராஜா ஏன் அப்படிச் செய்தான்?" என்று சுலபமாகக் கேட்டுவிடுகிறோம். அவன் காலத்தில் எதிரியின் சீட்டு கவிழ்ந்து கிடந்தது என்பது மறந்துபோகிறது.

நானும் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன், வகுப்பறையிலேயே. ஒருமுறை கணக்குத் தேர்வில் ஒரு பையன் எல்லாப் படியும் சரியாகப் போட்டு, கடைசிக் கூட்டலில் சறுக்கி விடையைத் தப்பாக எழுதியிருந்தான். பூஜ்யம் போட்டேன். பக்கத்து பெஞ்சுக்காரன் ஒரு படியும் எழுதாமல் சரியான விடையை மட்டும் எழுதியிருந்தான். முழு மதிப்பெண் கொடுத்தேன். முதல் பையன் என்னிடம் வந்து எதுவும் கேட்கவில்லை. விடைத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். யோசித்து முடிவெடுத்தவனையும் குருட்டாம்போக்கில் ஜெயித்தவனையும் விடையை மட்டும் பார்த்துத் தராசில் வைத்தால் இப்படித்தான் ஆகும். இத்தனை வருடம் கழித்து ஒரு சீட்டாட்ட வீடியோ எனக்கு அதை ஞாபகப்படுத்தியது.

இதைப் படித்துவிட்டு யாரும் போனில் காசு கட்டி ஆடக் கிளம்பிவிடாதீர்கள். 1980-இல் ஜெயித்த ஸ்டு உங்கரின் மீதிக் கதையையும் சொல்லியாக வேண்டும். 1981-லும் ஜெயித்தார். 1997-இல் மூன்றாவது முறையும் ஜெயித்து 10 லட்சம் டாலர் வாங்கினார். அடுத்த ஆண்டு நவம்பரில், லாஸ் வேகாஸில் ஒரு மலிவான விடுதி அறையில் இறந்து கிடந்தார். வயது 45. போதைப் பழக்கம் இதயத்தைத் தின்றிருந்தது. ஜெயித்த பணம் எதுவும் மிஞ்சவில்லை. சீட்டில் அவ்வளவு கூர்மையான மூளை, எழுந்து போக வேண்டிய மேசையிலிருந்து எழுந்து போக மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. நம் ஊரிலும் இணையச் சூதாட்டத்தில் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்று தெரிந்ததால்தான் 2022-இல் தமிழ்நாட்டில் தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. உலகச் சாம்பியன்களே நல்ல சீட்டோடு தோற்கிற ஆட்டம் இது. வீட்டு வாடகைப் பணத்தை அதில் வைக்காதீர்கள்.

பேரனுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். பதிலே சொல்லவில்லை. அந்த வீடியோவை மறுபடி போடச் சொல்லி, மணிமேக்கர் சீட்டு தெரியும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினேன். "இப்ப நீதான் ஃபார்ஹா. என்ன செய்வே?" என்றேன். முதல் ஆட்டத்தில் யோசித்து யோசித்து, "மடக்கிடுவேன் தாத்தா" என்றான். இரண்டாவதில், "இதை மடக்க முடியாது, வச்சிடுவேன்" என்றான். பிறகு காகிதத்தை எடுத்தேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அந்த ஆளை முட்டாள் என்று அவன் சொல்லவில்லை.